பனிச்சறுக்கும் பக்கத்து இருக்கைப் பிரேக்கும்

இஞ்சேருங்கோ,

ஊர் கேட்க உங்களை இப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறேன். குசினியிலிருந்து, மாடிப்படியிலிருந்து, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று. பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இனிமேல் போய் அதைப் பழகவும் மாட்டேன்.

உங்கள் அக்காதான் எழுதச் சொன்னா. வருகிற கிழமை உங்களுக்கு ஆட்டைத் திவசம். வருடம் முடிகிற அன்று வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறாவாம். "நீ அவனுக்கு ஒரு கடிதமா எழுது வசந்தி. சனம் வாசிச்சு அழவேணும்" என்றா. அழவைக்கிற மாதிரி எழுத எனக்கு வராது மச்சாள் என்றேன். நானே இன்னும் அழவில்லை. அது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

செத்தவீட்டில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குளிசை போட்டிருக்கிறா போல" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. ஒரு மருந்தும் மாத்திரையும் போடவில்லை. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறவள் நான். விறைக்கிற ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிற சனத்தைத் தினமும் பார்க்கிறேன். கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். கன்னம் இருக்கிறது, ஆனால் தங்களுடையது மாதிரி இல்லை. எனக்கு முழு உடம்பும் அப்படி இருந்தது. இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான்.

வாசிக்கிறவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கார் ஓட்டப் பழக்குகிறவர். கோலியர்ஸ் வுட்டிலும் டூட்டிங்கிலும் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் உங்களிடம் பழகித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள். மிச்சப்பேர் உங்களிடம் தொடங்கி வேறு ஆளிடம் போய் எடுத்தார்கள், ஏனென்றால் நீங்கள் லேசில் டெஸ்ட்டுக்கு விடமாட்டீர்கள். அந்தச் சின்ன வெள்ளைக் காரில் ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையில், உங்கள் காலடியில், இன்னொரு பிரேக் இருக்கும். முதல் பாடத்தில் காரை ஓடவே விடமாட்டீர்கள். "முதல் நிப்பாட்டப் பழகுங்கோ. ஓடுறதைப் பிறகு பார்ப்பம்." எனக்கும் அதையே சொன்னீர்கள். எனக்குப் பொறுமை போதாது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கார் பழகின கதை அதோடு சரி.

போன பங்குனியில் ஒரு காலை, சுகந்தி என்கிற பிள்ளைக்குப் பாடம். ஊரிலிருந்து கலியாணம் கட்டிப் புதிதாக வந்தவள். ஓட்டிக்கொண்டு போகையில் நீங்கள் மெல்லிய குரலில் சொன்னீர்களாம்: "கண்ணாடியைப் பாருங்கோ. சிக்னலைப் போடுங்கோ. இடப்பக்கம் எடுத்து நிப்பாட்டுங்கோ. ஹேன்ட்பிரேக்." அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, சரியா என்று கேட்கத் திரும்பியிருக்கிறாள். நீங்கள் பதில் சொல்லவில்லை.

செத்தவீட்டில் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னது. "அண்ணை தன்ர பிரேக்கைத் தொடேல்லை அக்கா. நான்தான் நிப்பாட்டினனான். நான்தான் எல்லாம் செய்தனான்." இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அதனால் என்ன இப்போது என்றுதான் நினைத்தேன்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் சொல்லவேண்டும். மார்கழி பிறந்தால் பின்னேரத்தில் டிவியில் பனிச்சறுக்குப் போட்டி. சாறம், மேலே போர்வை, கையில் தேத்தண்ணி. யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதர். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் மதகுதான். ஐஸ்பழத்தைத் தவிர வேறு ஐஸ் காணாமல் வளர்ந்தவர், எந்த நாட்டுக்காரன் எந்த வளைவில் விழுவான் என்று சொல்லுவீர்கள். அவர்கள் அந்த மலையில் தலைதெறிக்க இறங்க, போர்வைக்குள் உங்கள் வலது கால் பிரேக் மிதிக்கும். வளைவு வந்தால் மிதிக்கும். ஆள் விழுந்தால் இரண்டு தரம் மிதிக்கும்.

"இஞ்சேருங்கோ, அவங்களுக்குப் பிரேக் இல்லை" என்பேன், லீக்ஸ் வெட்டிக்கொண்டே.

"அதுதான் நான் மிதிக்கிறன்" என்பீர்கள்.

நீங்கள் இருந்து டிவி பார்த்த கதிரைக்கு முன்னால் கார்பெட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து நூல் தெரிகிறது. கதிரையைத் தள்ளிப் போட்டு மறைக்கலாமே என்றா உங்கள் அக்கா. மறைக்கவில்லை.

உங்கள் கார் வாசலில்தான் நிற்கிறது. எல் போர்டைக் கழற்றியாயிற்று, உங்கள் பக்கத்துப் பிரேக் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆரணிதான் ஓட்டுகிறாள், நீங்கள் பழக்கிவிட்ட மகள். நான் உங்கள் இருக்கையில் இருக்கிறேன். முதன்முதல் விம்பிள்டனுக்குக் கோயிலுக்குப் போன அன்று முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் நிறுத்தத்தான் போகிறாள். அதற்குள் என் கால் இறங்கிவிட்டது. கார் குத்திக்கொண்டு நின்றது. பின்னால் வந்த வான் எங்களில் இடிக்காமல் நின்றது அதை ஓட்டின மனிதன் செய்த புண்ணியம்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"கை தவறிட்டுது."

"கால் எல்லோ."

பிறகும் மிதித்தேன். கவுன்சில் கட்டடத்துக்கு முன்னால் மிதித்தேன், கிங்ஸ்பரியில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மிதித்தேன். பின் இருக்கையில் இருங்கோ என்று ஆரணி கெஞ்சிப் பார்த்தாள். பின்னால் இருந்தால் தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி முன்னால் ஏறிக்கொண்டேன். பயத்தில் செய்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. பயமென்றால் நெஞ்சு அடிக்கவேண்டும். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. கால் மட்டும் தன்பாட்டில் போய் வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் குசினிக்குள் வந்து நின்றாள். இந்த ஈஸ்டர் லீவுக்கு அவளோடு யூனியில் படிக்கிற பிள்ளைகள் பிரான்சுக்குப் போகிறார்களாம், பனியில் ஸ்கீ பண்ண. ஒரு கிழமை.

"ஏலாது" என்றேன். கேட்டு முடிக்க முதலே சொன்னேன்.

"ஹெல்மெட் தருவினம் அம்மா. டீச்சர் இருப்பா. எல்லாம் சேஃப்."

"ஏலாது எண்டா ஏலாது."

"அப்பா ஓம் எண்டவர்."

சொன்னீர்கள்தான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "யூனிக்குப் போனதும் போங்கோ பிள்ளை, நான் கீழ நிண்டு பார்க்க வாறன்" என்று அந்தப் போர்வைக்குள் இருந்துகொண்டு சொன்னீர்கள். உயிரோடு இருக்கிற மனிதர் சொன்ன ஓமை இரண்டு நாள் சண்டை பிடித்து மாற்றிவிடலாம். போனவர் சொன்ன ஓமை என்ன செய்கிறது? யாரோடு போய்ச் சண்டை பிடிக்கிறது?

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "முதல் நான் பழகிப் பார்க்கிறன். ஆபத்தில்லை எண்டு என்ர கண்ணால கண்டால் நீ போகலாம்." ஆரணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தானும் வருவதாகச் சொன்னாள். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், வாசிக்கிற சனமும் கேட்டால் கேட்கட்டும். ஆபத்து என்று கண்டுபிடிக்கத்தான் போனேன். இருப்பது இவள் ஒருத்தி. இவளையும் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன்?

இதற்குள் உங்கள் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. செத்தவீடு நடந்த வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு மலை ஏறக்கூடாது என்று போன் எடுத்தா. அது மலைக்கோயிலுக்கு எல்லோ மச்சாள் என்றேன். மலை மலைதானே என்றா. இது ஒரு கட்டடத்துக்குள் செய்து வைத்திருக்கிற சறுக்கு, மேலே கூரை இருக்கிறது என்றேன். அவ அதோடு விடவில்லை, கோயில் ஐயருக்கே போன் எடுத்துக் கேட்டா. ஐயர் இடத்தை விசாரித்துவிட்டு, "கூரைக்குக் கீழ இருக்கிறதை மலை எண்டு சொல்ல ஏலாது" என்றாராம். உங்கள் அக்காவுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அதனால் தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னா.

ஆக, மூன்று பெண்கள், உங்கள் வெள்ளைக் கார், பின் இருக்கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேத்தண்ணியும் ஒரு பெட்டி மீன் கட்லட்டும்.

அந்த இடம் மோட்டார்வேக்கு அப்பால் இருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் சாமான் அடுக்குகிற களஞ்சியம் போலத்தான். உள்ளே நீளச் சரிவாகக் கட்டி, இறைச்சி வைக்கிற குளிர் அறை மாதிரிக் குளிரவைத்து, மெய்யான பனி போட்டு வைத்திருக்கிறார்கள். பழக்குகிறவள் பெயர் மேகன். ஸ்கொட்லாந்துக்காரி, என் வயதுதான் இருக்கும், தலை பாதி நரை. என்னைக் கண்டதும் சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் உங்கள் ஜாக்கெட், கீழே ஜீன்ஸ். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, குளிர் ஏறும் என்று சொல்லி வேறு காற்சட்டை எடுத்துத் தந்தாள். என் கொண்டைக்கு மேல் ஹெல்மெட் இறங்கவில்லை. அவிழ்த்துப் பின்னிக்கொண்டு வரச் சொன்னாள். ஹெல்மெட் ஆடாமல் இருந்தால்தான் அது ஹெல்மெட் என்றாள்.

அந்தச் சறுக்குச் சப்பாத்து இருக்கிறதே, அது சப்பாத்தில்லை, சிமெந்து. மாட்டியதும் முன்னங்கால் எலும்பில் நெரித்தது.

"நோகிறதா?" என்று மேகன் கேட்டாள்.

"பரவாயில்லை" என்றேன்.

அவள் என் முன்னால் முழங்காலில் இருந்தாள். "பரவாயில்லையா என்று நான் கேட்கவில்லை. நோகிறதா இல்லையா? நோகிற சப்பாத்தோடு உங்களை மேலே விட ஏலாது. அதோடு போனால் கால் சொல்வழி கேட்காது."

நீங்கள் போன நாளிலிருந்து கடையில், கோயிலில், வேலையில் எல்லோரும் எப்படி இருக்கிறீங்கள் என்று கேட்கிறார்கள். நான் பரவாயில்லை என்கிறேன். அவர்களும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். இரண்டாம் தரம் கேட்டது இவள் ஒருத்திதான். அதுவும் சப்பாத்தைப் பற்றி.

"நோகுது" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தாள். குளிருமே என்று நான் மூன்று சோடி காலுறை போட்டிருந்தேன், அவை உள்ளே சுருண்டு கிடந்தன. நல்லதாக ஒரு சோடி போதும், நீளமாக, மடிப்பில்லாமல் என்றாள்.

முதல் நாள் முழுவதும் நாங்கள் சறுக்கவே இல்லை. விழப் பழகினோம். கையை ஊன்றாமல், முன்னுக்கும் போகாமல், பக்கவாட்டில் இருக்கிற மாதிரிச் சரியவேண்டும். எழும்புவதென்றால் முதலில் காலில் மாட்டின இரண்டு சறுக்குப் பலகையையும் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் எழும்புகிற நேரம் அது ஓடும். பிறகு நிற்கப் பழகினோம். முன் நுனிகளைக் கிட்டவாக வைத்து, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரி. அகட்ட அகட்ட வேகம் குறையும். நிற்கத் தெரியாத ஆளை மேலே கொண்டுபோக மாட்டேன் என்று மேகன் சொன்னபோது ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. யாருடைய பாடம் இது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொன்னாள். பயந்தால் நாங்கள் பின்னால் சாய்கிறோம். பின்னால் சாய்ந்தால் பலகையின் நுனி லேசாகி, பிடி விட்டு, இன்னும் வேகமாக ஓடும். நிற்கவேண்டும் என்றால் முன்னால்தான் சாயவேண்டும், பள்ளத்தின் பக்கம், முன்னங்கால் சப்பாத்தில் அழுந்துகிற மாதிரி. எந்தப் பள்ளத்துக்குப் பயப்படுகிறோமோ அந்தப் பக்கமே போய்ச் சாயவேண்டுமாம். உங்களுக்கு இது தெரியுமா? அத்தனை வருடம் டிவியில் பார்த்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

ஒவ்வொரு தரம் போய் வரும்போதும் ஆபத்துகளைத் தேடினேன். நடுச் சரிவில் நிற்கிறவர்கள் ஆபத்து. ஓரமாய்த்தான் நிற்கவேண்டும் என்று மேகன் சொல்லிவிட்டாள். களைத்த பிறகு கடைசியாய் ஒருதரம் என்று போகிறது ஆபத்து. களைத்தால் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடி என்றாள். தனக்கு மேலான சரிவுக்குச் சிநேகிதப் பிள்ளைகளோடு எடுபட்டுப் போகிறது ஆபத்து. நான் கண்டுபிடிக்கிற ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று ஒன்று வந்ததே பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மேல் சரிவுக்கு எங்களை விட்டாள். போகுமுன் ஒரு விதி சொன்னாள். முன்னால் போகிறவருக்குத்தான் உரிமை. அவர் எங்கே திரும்பினாலும் எங்கே நின்றாலும், பின்னால் வருகிறவர்தான் பார்த்து விலகவேண்டும். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அதனால் பின்னால் வருகிறவர் நல்ல இடைவெளி விடவேண்டும்.

நான் இடைவெளி விடவில்லை. விழுந்தால் பிடிக்கவேண்டுமே. ஆரணி வடிவாகப் போனாள், இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒட்டினாற்போலப் போனேன். அடிவாரத்துக்குக் கிட்ட, எனக்கு இடப்பக்கத்தில், அவள் வேகத்தைக் குறைத்தாள். எனக்கு நெருங்கிவிட்டது தெரிந்தது. பின்னால் சாய்ந்தேன். பலகை பறந்தது. அப்போது என் வலது கால் தானாக இறங்கியது, உங்கள் பிரேக்கை மிதிக்கிற மாதிரியே, முழுப் பலத்தோடு.

அந்தச் சறுக்கில் வலது காலை அழுத்தினால் ஆள் நிற்காது, இடப்பக்கம் திரும்பும். அதைத்தான் மேகன் அன்று காலையிலிருந்து எங்களுக்குப் பழக்கியிருந்தாள். நான் அப்படியே திரும்பிப் போய் என் பிள்ளையில் மோதினேன். இரண்டு பேரும் விழுந்து உருண்டோம்.

சனம் இருந்து பார்க்கிற கண்ணாடிக்கு அப்பால் கட்லட் பெட்டியோடு இருந்த உங்கள் அக்கா இதைப் பார்த்திருக்கிறா. படலையைத் திறந்துகொண்டு, சேலையும் கோட்டும் கோயிலுக்குப் போடுகிற சப்பாத்துமாக, எங்களைத் தூக்குவதற்குப் பனிக்குள் ஓடி வந்தா. எங்கள் சனம் விழுந்த ஆளைக் கண்டால் விடுமா? வந்தவ வந்த வேகத்தில் எங்களுக்குப் பக்கத்திலேயே தொப்பென்று இருந்துவிட்டா. மேகன் தூக்க வரவில்லை. எங்களுக்கு மேலே, சரிவில் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, கையை அகல விரித்துக்கொண்டு நின்றாள். "யாரும் யாரையும் தூக்கவேண்டாம். யாருக்கு எங்கே நோகிறது, அதை முதலில் சொல்லுங்கள்."

மச்சாளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஒன்றுமில்லை. ஆரணிக்குத் தொடையில் என் பலகை பட்டுக் கன்றிவிட்டது. இத்தனை கிழமையாக ஆபத்து எங்கே எங்கே என்று தேடினேனே, அந்தச் சறுக்கில் அவளுக்கு வந்த ஒரே ஆபத்து நான்தான்.

மச்சாள் பனியில் இருந்தபடியே "தம்பி, தம்பி" என்று உங்களைக் கூப்பிட்டு அழத் தொடங்கினா. ஆரணி அழவுமில்லை, என்னோடு சத்தம் போடவுமில்லை. கையுறையால் முகத்துப் பனியைத் துடைத்துவிட்டு, ஆறுதலாகக் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் இப்ப பிரேக் மிதிச்சனீங்கள், என்ன?"

"ஓம்."

"அப்பா மிதிக்கிறேல்லை."

"கொப்பாவோ? டிவிக்கே மிதிக்கிற மனுசன்."

"காரில மிதிக்கிறேல்லை அம்மா. ஒருக்காலும் இல்லை. கால் மேல வச்சிருப்பார், அவ்வளவுதான். நான் ரவுண்டபவுட்டில பிழையாய்ப் பூந்தபோதும் மிதிக்கேல்லை. ஏன் அப்பா எண்டு கேட்டனான். நீ நிப்பாட்டுவாய் எண்டு எனக்குத் தெரியும் எண்டவர்."

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசி நிமிடத்திலும் நீங்கள் அதைத் தொடவில்லை. அந்தப் பிள்ளை தன் காலாலேயே நிறுத்தியிருக்கிறது. அதைத்தான் அவள் எனக்குச் சொல்லப் பார்த்தாள்.

நான் உங்களைப் பார்த்துத்தான் மிதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் இருக்கை, உங்கள் பிரேக், உங்கள் வேலை. அப்படியென்றால் கார்பெட்டைத் தேய்த்த கால் எது? வெளிக்கிட்டு வந்து காரில் ஏறும்வரை அதையே யோசித்தேன். தத்தக்க பித்தக்க என்று ஓட்டுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கிழமை முழுவதும் காலைத் தூக்கிக்கொண்டு இருந்தீர்கள். அந்தப் பயம் எல்லாம் எங்கே போகும்? ஞாயிற்றுக்கிழமை போர்வைக்குள் போனது. எங்கள் இருவருக்கும் முன்னால் இருந்துதான் மிதித்தீர்கள், நாங்களும் பகிடி என்று சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்கள்.

திரும்பி வரும்போது பின் இருக்கையில் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் இருக்கையிலேயே ஏறினேன். காலை மடித்து இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். மோட்டார்வேயில் லொறிகள் இரண்டு பக்கமும் போயின. அதை விட்டு இறங்கினதும் ஒரு ரவுண்டபவுட் வந்தது, ஆரணி வேகத்தோடு போனாள். என் கால் முன்னால் போகப் பார்த்தது. விடவில்லை. அப்போது என் நெஞ்சு அடித்தது. காதுக்குள் கேட்கிற மாதிரி அடித்தது. இத்தனை மாதமாக வராத பயம் அந்த இடத்தில் வந்து சேர்ந்தது. மிதிக்காமல் இருந்தபோதுதான் வந்தது. ஆரணி தன்பாட்டில் வேகத்தைக் குறைத்து, பார்த்து, எடுத்துப் போனாள். அவளுக்கு என் பக்கம் திரும்பவேண்டிய தேவை இருக்கவில்லை.

"ஈஸ்டருக்குப் போ" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உண்மையாவா அம்மா?"

"ஒவ்வொரு நாள் காலமையும் டீச்சரோடதான் போகவேணும். ஹெல்மெட் கழட்டக்கூடாது. கறுப்புச் சரிவு, சிவப்புச் சரிவு எண்ட செங்குத்தானது ஒண்டும் வேண்டாம். களைச்சா நிப்பாட்டவேணும்."

"ஓம் அம்மா."

பின்னால் இருந்து உங்கள் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதென்றால் மெய்யான மலையெல்லோ என்றா. அதற்குள் ஆட்டைத் திவசம் முடிந்துவிடும் மச்சாள் என்றேன். அதற்கு அவ முன்னால் கையை நீட்டி ஆளுக்கொரு கட்லட் தந்தா. ஆறிப்போயிருந்தது. நல்ல உறைப்பு என்று நினைத்தேன். சாப்பாட்டில் உறைப்புத் தெரிந்து எவ்வளவு காலம்.

இவ்வளவுதான் செய்தி. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு வராது. காலையில் எழும்பினால் இன்னும் ஊசி போட்ட கன்னம் மாதிரித்தான் இருக்கிறது. ஊசி விடுகிறபோதுதான் நோகத் தொடங்கும் என்று வருகிற சனத்துக்குச் சொல்லி அனுப்புகிறவள் நான். எனக்கு அது எப்போது விடும்? விட்டால் தாங்குவேனா? அங்கே யாரையாவது கேட்டுச் சொல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஆரணியின் பெட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறது. திவசம் முடிந்த சனிக்கிழமை விடிய பஸ். நீளக் காலுறை நானே வாங்கி வைத்தேன், மடிப்பில்லாதது. கீழே நின்று பார்க்க வருகிறேன் என்று நீங்கள் சொன்னதற்குப் பதிலாக நான் போகலாமா என்று ஒருதரம் யோசித்தேன். வேண்டாம். என்னை நான் அறிவேன், கீழே நின்றும் ஏதாவது செய்வேன்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். காரில் இனி மிதிக்கமாட்டேன். அவள் மலையில் நிற்கிற கிழமை, வேலை முடிந்து வந்து உங்கள் கதிரையில் இருப்பேன். போர்வை அங்கேயேதான் கிடக்கிறது. அந்தத் தேய்ந்த இடத்தில் நேற்று என் காலை வைத்துப் பார்த்தேன், அளவாக இருக்கிறது. டிவியில் போட்டி இருந்தால் பார்ப்பேன், இல்லாவிட்டால் சும்மா சுவரைப் பார்ப்பேன். எவ்வளவு மிதிக்கவேண்டுமோ அவ்வளவையும் அங்கேயே இருந்து மிதித்துத் தீர்ப்பேன். நூல் அறுந்து நிலத்துப் பலகை தெரிந்தாலும் பரவாயில்லை. ஆரணி தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவள் கடிதத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் மலையிலிருந்து பத்திரமாக இறங்கியிருப்பாள்.

உங்கட மனுசி,
ஆரணியின் அம்மா,
வசந்தி